நாட்டுக்காக வியர்ப்பவர்

அடுப்பை மூட்டுவதற்கு முன் புஷ்பம் தன் கணவனின் முதுகை ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்தாள். பிறகு துண்டைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள். கிண்ணத்தில் நீல மையால் போட்டிருந்த மூன்றாவது கோட்டைத் தொட்டு வியர்வை நின்றது.

"நேத்து அனல்மின் நிலையத்துல ரெண்டு உலையும் முழுசா ஓடியிருக்கு," என்றாள்.

சவரிமுத்து சிமெண்டுத் தரையில், நனைத்துப் போட்ட சாக்கின் மேல் குப்புறப் படுத்திருந்தான். சாக்கில் இன்னும் சூடேறாத மூலை எது என்று தேடிப் புரண்டான். அப்படி ஒரு மூலை இல்லை. எழுந்து உட்கார்ந்தான். உடனே மறுபடியும் படுத்தான்.

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ஞானசுந்தரியின் தலை தெரிந்தது.

"மைனி, இன்னைக்கு நாடு எப்படி இருக்கு?"

"நேத்தைக்கு இன்னைக்கு மோசம்."

"அய்யோ. எங்க வீட்டுல மோட்டாரை அணைக்க மறந்துட்டோம் மைனி, விடிய விடிய ஓடிட்டு. அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க."

"அதான, தினமும் கேக்கத்தான செய்யுதேன்," என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரியின் தலை மறைந்தது. மோட்டார் ஓடும் சத்தம் தொடர்ந்து கேட்டது.

நெய்தல் தீவுக் குடியரசில் மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் விடிகிறது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் உலக நாடுகள் பல நகரங்களில் கூடி, பூமியின் வெப்பத்தைக் குறைப்பதாகப் பல உறுதிமொழிகளை எடுத்திருந்தன. எடுத்தவர்கள் யாரையும் அவை சுடவில்லை. எனவே 2068ஆம் ஆண்டில் உலகத் தட்பவெப்பப் பேரவை, சுடும்படியாகவே ஓர் உடன்படிக்கையைத் தயாரித்தது. ஒரு நாட்டின் சார்பில் அதில் கையெழுத்திடுபவரின் பெயர் 'கையொப்பர்'. அவருடைய பிடரியில், தோலுக்கு அடியில், அரிசிமணி அளவுள்ள உணர்சில்லு ஒன்று வைக்கப்படும். நாடு தான் ஒப்புக்கொண்ட அளவைவிட ஒரு சதவீதம் அதிகமாகப் புகை விட்டால், கையொப்பரைச் சுற்றியுள்ள வெப்பத்தோடு ஒரு டிகிரியைக் கூட்டி அது அவருக்கு உணர்த்தும். உண்மையில் அவர் உடம்பு சூடாகாது. ஆனால் நரம்புகளுக்கு அது தெரியாது. வியர்க்கும், நாக்கு வறளும், இதயம் வேகமாக அடிக்கும்.

நாட்டுத் தலைவர்கள் தங்கள் பிடரியிலேயே சுட்டால் திருந்துவார்கள் என்பது பேரவையின் எண்ணம். நல்ல எண்ணம்தான். நெய்தல் தீவில் கோப்புகள் எப்படி நகரும் என்பது மட்டும் பேரவைக்குத் தெரிந்திருக்கவில்லை.

உடன்படிக்கைக் கோப்பு குடியரசுத் தலைவரின் மேசைக்கு வந்தது. அவர் அதன் மூலையில் 'தகுந்த நடவடிக்கைக்கு' என்று எழுதி அமைச்சருக்கு அனுப்பினார். அமைச்சர் அதையே எழுதிச் செயலாளருக்கும், செயலாளர் இயக்குநருக்கும் அனுப்பினார்கள். இயக்குநர் எழுதக்கூட இல்லை, ஒரு சுழி போட்டார். கடைசியில் அது காலநிலைக் கடப்பாட்டுத் துறையின் இளநிலை உதவியாளரான சவரிமுத்துவிடம் வந்து சேர்ந்தது. அன்று அவன் நாற்பத்தொரு கடிதங்களில் மேலதிகாரிகளுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தான். நூலகத்துக்கு நாற்காலி வாங்கும் ஆணைக்கும், தெருநாய்களுக்கான தடுப்பூசிச் சுற்றறிக்கைக்கும் இடையில் உலக உடன்படிக்கை இருந்தது. 'தலைவருக்காக' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி அதன் மேல் கையெழுத்திட்டான். பேரவையிலிருந்து மருத்துவர் குழு வந்து அவன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, ஏதோ பரிசு என்றுதான் நினைத்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. குடியரசு அந்தக் கையெழுத்தை விலக்கிக்கொண்டு வேறொருவரைக் கையெழுத்திடச் செய்யலாம். அதற்கான கோப்பு மேலே போயிருக்கிறது.

இப்போது நாடு ஆறு சதவீதம் மீறியிருந்தது. தீவின் வெயில் முப்பத்துநான்கு என்றால் அவனுக்கு நாற்பது. அடுத்த மாதக் கடைசியில் அனல்மின் நிலையத்தின் மூன்றாவது உலையை மூட்டப் போகிறார்கள். மூட்டினால் பதினொன்று. அரசு மருத்துவமனை டாக்டர் அவன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "எட்டு வரைக்கும் ஏதோ ஓட்டலாம். அதுக்கு மேல போச்சுன்னா இந்த இதயம் தாங்கும்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது," என்றார். அதையும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

சவரிமுத்து எதையும் முறையாகச் செய்கிறவன். அவன் ஒரு குறிப்பு தயாரித்தான். எட்டு வரைவுகள் எழுதி ஏழைக் கிழித்தான். மூன்றாவது உலையைத் தள்ளிப் போடலாம். கடற்கரையில் இருக்கும் நாற்பதடி மீன் சிலைக்குப் பகலிலும் எரியும் விளக்குகளை அணைக்கலாம். ஐந்து ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கும் தலைமைச் செயலக இணைப்புக் கட்டடத்தின் குளிரூட்டிகளை நிறுத்தலாம். பின்னுள்ள இரண்டைச் செய்தால் போதும், மீறல் ஆறிலிருந்து மூன்றாகிவிடும். அட்டவணை போட்டு, கூட்டிச் சரிபார்த்து, இயக்குநர் பரமகுருநாதனிடம் எடுத்துப் போனான்.

இயக்குநரின் அறை அவ்வளவு குளிராக இருந்தது. அவர் சால்வை போர்த்திக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"வாரும் சவரி. உக்காரும். அய்யய்யோ, அதுல வேண்டாம்வே, அது துணி வச்ச நாற்காலி. நனைஞ்சிரும். அந்த ஸ்டூலை இழுத்துக்கும்."

சவரிமுத்து ஸ்டூலை இழுத்துக் குளிர்க்காற்று வரும் இடத்தில் போட்டான். அங்கே அவனுக்கு இருபத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டான்.

"குறிப்பு நல்லா இருக்கு," என்றார் இயக்குநர். "மார்ஜின் எல்லாம் ஒழுங்கா விட்டிருக்கீரு. ஆனா இந்த இணைப்புக் கட்டடம்... யாரும் இல்லாததாலதான் அதைக் குளிரா வச்சிருக்கோம். நிறுத்தினா பூஞ்சை பிடிக்கும்லா?"

"எனக்கு நெஞ்சு பிடிக்குது சார்."

"தெரியுது. தெரியாமலா? வீட்டுல உம்மப் பத்திப் பேசாத நாள் இல்ல. என் பேத்தி ஸ்கூல்ல நீரு ஒரு பாடம், தெரியுமா? 'நமக்காக வியர்ப்பவர்.' பரீட்சைக்கு வருமாம்." குறிப்பின் மூலையில் ஒரு சுழி போட்டார். "மேல அனுப்புதேன். கவலைப்படாதீரும்."

குறிப்பு மேலே போனது. செயலாளரிடமிருந்து அமைச்சரிடமும், அமைச்சரிடமிருந்து மறுபடியும் செயலாளரிடமும் போய், பதினோராவது நாள் சவரிமுத்துவின் மேசைக்கே திரும்பி வந்தது. 'மனுதாரரின் கோரிக்கையை ஆராய்ந்து தகுந்த பதில் அளிக்கவும்' என்று மேலே எழுதியிருந்தது. காலநிலைக் கடப்பாடு பற்றிய மனுக்களுக்குப் பதில் எழுத வேண்டிய உதவியாளர் அவன்தான்.

அவன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து அதன் மேல் சொட்டியது. மற்ற மனுக்களுக்கு என்ன எழுதுவானோ அதையே எழுதினான். 'தங்கள் கோரிக்கை அரசின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது.' கீழே இயக்குநருக்காகக் கையெழுத்திட்டு, உறையில் போட்டு, தன் வீட்டு முகவரியை எழுதி அஞ்சலில் சேர்த்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் வழக்கம்.

இரண்டு நாள் கழித்து உறையைப் பிரித்தவள் புஷ்பம். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஏங்க, இது உங்க கையெழுத்துல்லா?"

"ஆமா."

"உங்களுக்கு நீங்களே பரிசீலனைன்னு எழுதிப் போட்டிருக்கீங்களா?"

"அந்த மேசை என்னுதுதான புஷ்பம். வேற யாரு எழுதுவா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "சட்டையைப் போடுங்க, இல்ல, போட வேண்டாம். அப்படியே வாங்க," என்றாள்.

அவள் மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கிருந்து மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு பார் ஐஸை ஏற்றி, மேலே வைக்கோலும் சாக்கும் போட்டு, கணவனை உட்கார வைத்தாள். அன்று கடற்கரைச் சாலையில் காலநிலை வாரத் தொடக்க விழா. விழிப்புணர்வுக்காக அறுநூறு கார்களின் ஊர்வலத்தை அமைச்சர் செண்பகவள்ளி கொடியசைத்துத் தொடங்கிவைக்க இருந்தார். எல்லா எஞ்சின்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. புஷ்பம் வண்டியை நேராக மேடைக்கு முன்னால் மிதித்துக்கொண்டு போய் நிறுத்தினாள். ஐஸ் உருகி வழிய, வெற்றுடம்போடு, கண் சிவந்து உட்கார்ந்திருந்த மனிதனைக் கூட்டம் அடையாளம் கண்டுகொண்டது. பாடப் புத்தகத்தில் அவன் படம் இருந்தது.

அமைச்சர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவர் நல்லவர். உண்மையாகவே அழுதார்.

"எனக்குத் தெரியவே தெரியாதே அண்ணாச்சி. இவ்வளவு கஷ்டமா?"

"மூணு வருசமா உங்களுக்கு எழுதிக்கிட்டுத்தான் இருக்காரும்மா," என்றாள் புஷ்பம்.

அமைச்சர் ஒலிபெருக்கியை வாங்கினார். "இந்த நாடு நன்றி கெட்ட நாடு இல்ல! இனிமே நம்ம சவரிமுத்து அண்ணாச்சி ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வேர்க்கக் கூடாது! இது அரசோட உறுதிமொழி!"

"அம்மா, அந்த மூணாவது உலையை மட்டும் பத்த வைக்காதீங்க, அது போதும்..." என்று புஷ்பம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அறுநூறு கார்களும் பாராட்டாக ஹாரன் அடித்தன. சவரிமுத்து மட்டும் வண்டியில் நெளிந்தான்.

மறுநாளிலிருந்து அவர்களின் தெரு அவர்களுடையதாக இல்லை. முதலில் இளநீர் வந்தது. பிறகு மேசை விசிறிகள் வந்தன, நாற்பத்திரண்டு. ஓர் இளைஞர் மன்றத்தார் பந்தல் போட்டு, தலைக்கு மேலே செம்புப் பானையைக் கட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் உச்சியில் தண்ணீர் விழும்படி செய்தார்கள். மின்கலம் பொருத்திய பெரிய பெரிய திரைகளில் அவன் முகம் சிரித்தது. அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. தினம் மாலையில் அவனுடைய நலத்துக்காக இன்னிசைக் கச்சேரி நடந்தது. அதற்கு மூன்று ஜெனரேட்டர்கள். வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக அவனைப் பார்க்க வந்தார்கள். புஷ்பத்தின் கிண்ணத்தில் வியர்வை ஐந்தாவது கோட்டைத் தொட்டது.

"வந்து நிக்கிற வண்டிய எல்லாம் முதல்ல அணைங்கப்பா!" என்று அவள் வாசலில் நின்று கத்தினாள்.

"ஏசி போட்டு உக்காந்திருக்கோம்க்கா. அணைச்சா பிள்ளைங்களுக்கு வேர்க்கும்," என்றார் ஒருவர். "அண்ணாச்சிய ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதோம்."

மூன்றாவது வாரம் அரசு அவனுக்காக ஒரு குளிர்மாடத்தைக் கட்டி முடித்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரில், பத்தடிச் சதுரத்தில், நான்கு பக்கமும் கண்ணாடி. மேலே அனுபவம் வாய்ந்த ஓவியர் வரைந்த பனிமலை. அதற்குத் தேவையான மின்சாரத்துக்காக, மூன்றாவது உலையைக் குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே மூட்டினார்கள்.

புஷ்பம் அமைச்சரின் காரை மறித்தாள். "அந்த உலையை நிறுத்தத்தானம்மா நாங்க வந்தோம்?"

அமைச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இல்லாம அண்ணாச்சிய எப்படிம்மா குளிர வைக்கிறது? நீயே சொல்லு."

கச்சேரி, கார்கள், உலை எல்லாம் சேர்ந்து மீறல் பதினான்கு சதவீதமானது. குளிர்மாடத்துக்குள் வெப்பத்தைப் பன்னிரண்டு டிகிரியில் வைத்தார்கள். பன்னிரண்டும் பதினான்கும் இருபத்தாறு. சவரிமுத்து உள்ளே போன அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பதினெட்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடங்களில் அவன் கண்ட முதல் தூக்கம் அது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த புஷ்பமும் அன்று அழுதாள். அவளுக்கு அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் பத்தாவது நாள் உள்ளே போய் அவன் கையைப் பிடித்தபோது திடுக்கிட்டாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. ஐஸ் கம்பெனியில் குளிர் அறைக்குள் அதிக நேரம் நிற்பவர்களுக்கு அப்படி ஆகும். அவளுக்கு அந்த நிறம் தெரியும்.

"உடம்பு விறைச்சுப் போய் இருக்குங்க. உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு இதமா இருக்கே."

"அது சில்லு சொல்லுது. நிசமான குளிரு பன்னெண்டு. இப்படியே இருந்தா டாக்டரு சொன்னதுக்கு முந்தியே..." அவள் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "மூணு வருசத்துக்கு ஒருக்க வர்ற பேரவையோட தணிக்கை மிஷினு நாளைக்கு வருது. உங்க பேச்சைப் பதிவு பண்ணும். 'என்னை வெளிய வச்சு அளங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உண்மை தெரிஞ்சிரும். அறுபது நாளைக்குள்ள அவங்களே வந்து உலையை அணைச்சிருவாங்க."

சவரிமுத்துவுக்கு உடன்படிக்கையின் விதிகள் மனப்பாடம். கையொப்பர் உணரும் வெப்பம் முப்பத்தைந்தைத் தாண்டாவிட்டால் நாடு வாக்கைக் காப்பாற்றியதாகப் பொருள். அந்த விதியை எழுதியபோது குளிர்மாடம் ஒன்றை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆனால் அளவீட்டைக் கையொப்பர் மறுத்தால் திறந்த வெளியில் மறுபடியும் அளக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது.

"அறுபது நாளு," என்றான் அவன். "வெளிய நாப்பத்தெட்டு புஷ்பம்."

"நாளாக நாளாகக் குறைஞ்சுக்கிட்டே வரும்லா. நான் ஐஸ் கொண்டாறேன். அறுபது நாளும் கொண்டாறேன். பக்கத்துலயே இருப்பேன்."

அவன் அவளைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே பளிச்சென்று அடித்த வெயிலைப் பார்த்தான்.

"சரி. சொல்லுதேன்," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் முற்பகலில் பேரவையின் தணிக்கை இயந்திரம் வந்தது. நான்கடி உயரம், மூன்று கால்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். குடையின் கீழ் அமைச்சரும் செயலாளரும், சால்வையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு இயக்குநரும் நின்றார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவைப் பார்க்க வந்தவர்களின் வரிசை நீண்டிருந்தது. குளிர்மாடத்தின் பின்சுவரிலிருந்த நான்கு பெரிய விசிறிகள் உள்ளிருந்த வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் காற்று வரிசையின் மேல்தான் வீசியது. புஷ்பம் வரிசையின் முதல் ஆளாக, கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றாள். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

இயந்திரம் உள்ளே நுழைந்து சவரிமுத்துவின் பிடரியில் ஒரு விரலை வைத்தது.

"வணக்கம். கையொப்பர் தற்போது உணரும் வெப்பம் இருபத்தேழு டிகிரி," என்றது.

நேற்று இருபத்தாறு. இன்று இருபத்தேழு. குளிர்மாடம் இழுத்த மின்சாரத்துக்காக உலையைக் கூடுதலாக எரித்திருக்கிறார்கள். சவரிமுத்து மனக்கணக்கில் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பதினைந்து சதவீதம். கூட்டிச் சரிபார்த்தான். சரிதான். வெளியே இறங்கினால் நாற்பத்தொன்பது.

"இந்த அளவீட்டில் தங்களுக்கு மறுப்பு உண்டா? தாங்கள் சொல்வது அப்படியே பதிவு செய்யப்படும்."

கண்ணாடிக்கு அப்பால் புஷ்பத்தின் உதடுகள் அசைந்தன. சத்தம் உள்ளே வரவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுடைய கன்னத்தில் வழிந்த வியர்வை தாடையிலிருந்து கண்ணாடியில் சொட்டி, ஒரு கோடாக இறங்கியது. 'என்னை வெளிய வச்சு அளங்க' என்று சொல்ல வேண்டும். நான்கே சொற்கள். அவன் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். கழுத்தருகே லேசாகக் கசகசத்தது. சட்டைக் காலரை விரலால் தளர்த்திவிட்டான். நேற்று இப்படி இல்லை.

"அது வந்து..." என்றான்.

"சொல்லுங்கள்."

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் புழுக்கமா இருக்கு." நீலம் பாரித்த கையால் நெற்றியைத் தடவிக்கொண்டான். "இன்னும் ஒரு டிகிரி குறைக்கச் சொல்ல முடியுமா?"

இயந்திரம் பதிவு செய்துகொண்டது. "மறுப்பு இல்லை. கடப்பாடு நிறைவேற்றப்பட்டது. தகவலுக்காகச் சொல்கிறேன், இது நான் தணிக்கை செய்யும் நூற்று நாற்பத்திரண்டாவது நாடு. எல்லாக் கையொப்பர்களும் இதையேதான் கேட்டார்கள்."

அமைச்சர் கைதட்டினார். யாரோ ஒரு குமிழைத் திருகினார்கள். பின்சுவரின் விசிறிகள் உரத்துச் சுழன்றன. வரிசையில் நின்றவர்கள், பேச்சை நிறுத்தாமலேயே, சூடான காற்றைத் தவிர்த்து வெயிலுக்குள் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்கள். புஷ்பம் மட்டும் நகரவில்லை.